திரும்பச் சொல்லும்வரை

முதல் வரியில் தப்பு என்றது கம்ப்யூட்டர்.

அவர் முதல் வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். அதில் ஒரு தப்பும் இல்லை. இந்தக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் அவரே எழுதிய வரி அது. இத்தனை வருஷமாக யார் வம்புதும்புக்கும் போகாமல் இருந்த இடம் தெரியாமல் இருந்தது.

"ஆச்சா சார்?" என்று கேட்டார் டெஸ்டிங் மேடம்.

லேபின் மறுகோடியில், இரும்புச் சட்டத்தில் ஒரு நிஜ லிப்ட் கதவை மாட்டி நிறுத்தியிருந்தார்கள். அதைத் திறந்து மூடிப் பார்ப்பதுதான் டெஸ்டிங் மேடத்தின் உத்தியோகம். காலையிலிருந்து அது திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

"பத்து நிமிஷம்" என்றார் அவர்.

ஆபீஸில் அவருக்குப் பேரே பத்துநிமிஷக்காரர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எந்த வேலையைக் கொடுத்தாலும் பத்து நிமிஷம் என்பார். பொய் சொல்கிற ஆள் இல்லை. சொல்லும்போது மனசார நம்பித்தான் சொல்வார். அதுதான் தொந்தரவே. வெறும் பொய்யராக இருந்திருந்தால் வீட்டிலிருப்பவர்கள் எப்போதோ சுதாரித்துக்கொண்டிருப்பார்கள்.

இன்றைக்கு அவருடைய பத்து நிமிஷத்துக்கு ஒரு கெடு இருந்தது. சாயங்காலம் ஐந்து மணி ரயிலில் அவருடைய ஒரே மகள் ஊரை விட்டுப் போகிறாள். ரயிலேறிப் போய், விமானமேறி, கடல் தாண்டிப் போய் வேலையில் சேருகிறாள். மூன்று வருஷ ஒப்பந்தம். நடுவில் வந்து போக வசதிப்படாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

மகள் விஷயத்தில் அவருடைய சரித்திரம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவள் மேடையேறினாள். இவர் போனபோது திரையை மடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் போனபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று எடுத்த போட்டோ இன்னமும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அங்கியும் தொப்பியுமாக அவள் சிரிக்கிறாள், பக்கத்தில் இவர் வேர்த்து வழிந்துகொண்டு நிற்கிறார், பின்னால் ஆள் உயரத்துக்கு நாற்காலிகள்.

இன்று காலை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் ஏதோ தட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, ஸ்டேஷனுக்கு வருவீங்கல்ல?"

"இது என்னம்மா கேள்வி?"

"பத்து நிமிஷத்துல வர்றேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் தட்டுவதை நிறுத்தினார். "இந்தத் தடவை பாரு. நீ வர்றதுக்கு முன்னாடியே நான் போய் பிளாட்பாரத்துல நிப்பேன். நீதான் லேட்டா வருவே. 'ஏம்மா இவ்வளவு நேரம்?'னு நான் கேப்பேன்."

"நெஜமாவா?"

"சத்தியமா."

அவள் சிரித்தாள். சமையலறையிலிருந்த மனைவி ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் மட்டும் வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

கம்பெனி, லிப்டுகளுக்கு மூளை செய்து கொடுக்கிற கம்பெனி. அதில் கதவு இவர் பொறுப்பு. ஓர் ஆஸ்பத்திரிக்கு நாலு லிப்டு போகிறது. படுக்கையோடு நோயாளியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள் என்பதால் கதவு கூடுதலாகக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்கு நாலைந்து வரி சேர்த்தால் போதும். இன்று கொடுத்தாக வேண்டும். பத்து நிமிஷ வேலைதானே என்று வந்து உட்கார்ந்தவர்தான்.

அவர் எழுதும் சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு வசதி உண்டு. எல்லா வகை லிப்டுக்கும் ஒரே நிரலை வைத்துக்கொள்ளலாம். 'இது ஆஸ்பத்திரி லிப்டாக இருந்தால்' என்று ஓர் 'இஃப்' போட்டுத் தொடங்கி, அதற்கு வேண்டியதை எழுதிவிட்டு, 'எண்டிஃப்' என்று முடித்துவிட வேண்டும். சாதாரண லிப்டுக்குத் தயார் செய்யும்போது நடுவிலிருப்பதைக் கம்ப்யூட்டர் ஏறெடுத்தும் பார்க்காது. அங்கே ஒன்றும் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளும்.

தொடங்கியவர் முடிக்க மறந்துவிட்டால்தான் வினை. அந்த இஃப், கீழே வேறொரு இஃபுக்காக வைத்திருந்த எண்டிஃபைப் பிடுங்கிக்கொள்ளும். பறிகொடுத்தவன் இன்னொருவனுடையதைப் பிடுங்குவான். இப்படியே போய்க் கடைசியில், எல்லாருக்கும் மேலே முதல் வரியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவி இஃப்தான் 'என்னை யாரும் முடித்துவைக்கவில்லை' என்று கத்துவான். தப்பு பண்ணினவன் நடுவில் எங்கேயோ சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பான்.

இதெல்லாம் பத்துநிமிஷக்காரருக்குத் தெரியாததா? புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் இதைச் சொல்லிக்கொடுப்பார். ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளில் தேட இன்றைக்குப் பொறுமை இல்லை. எண்டிஃப் ஒன்று குறைகிறது, அவ்வளவுதானே? நிரலின் அடியில் புதிதாக ஒரு எண்டிஃபை ஒட்டினார்.

முதல் வரி வாயை மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா மேடம்?"

"எங்கே போடணுமோ அங்கே போட்டீங்களா, கெடைச்ச எடத்துல போட்டீங்களா?"

"அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

முதலில் சாதாரண லிப்டுக்குத் தயார் செய்து பார்ப்பதுதான் வழக்கம். கம்ப்யூட்டர் உடனே வேறொன்று கேட்டது. மோட்டாரை நிறுத்துவதற்கென்று 'நிறுத்து' என்று ஒரு பகுதி உண்டே, அது எங்கே? அவருக்கு எரிச்சல் வந்தது. நிறுத்து கண்ணெதிரே திரையில் இருந்தது. விரலை வைத்துக் காட்டக்கூடச் செய்தார். காணவே காணோம் என்று சாதித்தது கம்ப்யூட்டர்.

சரி, உனக்கு வேண்டியது ஒரு நிறுத்து, அவ்வளவுதானே என்று வேறொரு பக்கத்தில் பேருக்கு ஒரு நிறுத்து எழுதினார். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. கம்ப்யூட்டர் திருப்திப்பட்டுவிட்டது. டெஸ்டிங் மேடம் ஸ்விட்சைப் போட்டார்.

கதவு அழகாகத் திறந்தது. முழுக்கத் திறந்த பிறகும் மோட்டார் நிற்கவில்லை. திறந்த கதவை மேலும் திறக்கப் பார்த்தது. சட்டம் நடுங்கியது. உறுமல் ஏறிக்கொண்டே போய், ஒரு சின்ன வெடிச் சத்தத்தோடு அடங்கியது. சர்க்யூட் போர்டிலிருந்து நூலாகப் புகை கிளம்பியது.

"நிறுத்து இருக்குன்னு சொன்னீங்களே சார்" என்றார் மேடம், மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஸ்டோர்ஸ் அடுத்த தெருவில் இன்னொரு கட்டடத்தில் இருந்தது. புது போர்டைப் பார்சல்காரரிடம் அரை மணியில் கொடுத்தனுப்புகிறோம் என்றார்கள். அதற்குள் அவருக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி எஞ்சினியர். அந்த மனுஷர் காலையிலேயே ஒரு நடை வந்து, இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, பிடரியில் மூச்சு படும்படி குனிந்து "முடிஞ்சிடுமா, முடிஞ்சிடுமா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் மறுபடியும் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வந்து இந்தக் கருகல் வாசனையை மோந்தால் ஆர்டரே போய்விடும்.

பத்துநிமிஷக்காரர் இன்டர்காமை எடுத்தார்.

"வாட்ச்மேன், நான் சொல்றதைக் கவனமா கேளுங்க. யார் வந்து கேட்டாலும் நான் ஆபீஸ்ல இல்லைன்னு சொல்லிடுங்க."

"யார் கேட்டாலுங்களா சார்?"

"யார் கேட்டாலும். நான் திரும்பச் சொல்ற வரைக்கும்."

"சரிங்க சார். நீங்க திரும்பச் சொல்ற வரைக்கும் நீங்க இல்லை."

வாட்ச்மேன் வேலைக்குப் புதிது. அவருக்கு முன்னால் இருந்தவர் வருகிறவர் போகிறவர் எல்லாரையும் உள்ளே விட்டுத்தான் வேலையைத் தொலைத்தார். இவர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்தவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார்.

அரை மணி போயிற்று, ஒரு மணியும் போயிற்று. போர்டு வரவில்லை. ஸ்டோர்ஸுக்குப் பேசினார்.

"என்ன சார் வெளையாடறீங்களா?" என்றார்கள். "ஆள் வந்துட்டுத் திரும்பிட்டான். நீங்க ஆபீஸ்லயே இல்லைன்னு சொன்னாங்களாம்."

இன்டர்காம்.

"வாட்ச்மேன்! பார்சலை ஏன்யா திருப்பி அனுப்பினீங்க?"

"நீங்க இல்லைங்களே சார்."

"இருக்கேனேய்யா!"

"அதை வெளிய சொல்லக் கூடாதுன்னீங்களே சார்."

"பார்சல் வந்தா விடுங்க. மத்தவங்களுக்குத்தான் நான் இல்லை."

"பார்சலைத் தவிர. சரிங்க சார்."

கொஞ்ச நேரத்தில் இன்டர்காம் தானே அடித்தது. முதலாளி.

"யாருய்யா பேசறது?"

"நான்தான் சார்."

"நீதான் ஆபீஸ் பக்கமே வரலையாமே! வாட்ச்மேன் சொல்றான். ஆஸ்பத்திரிக்காரர் எனக்கு போன் பண்ணிக் குதிக்கிறார், 'உங்க ஆள் வேலையைப் போட்டுட்டு ஓடிட்டார்'னு!"

ஓடிப்போகாத கதையை முதலாளிக்கு விளக்கி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. மூன்று மணிக்கு எல்லாம் தயாராக இருக்கும் என்று ஒரு வாக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று. மறுபடியும் வாட்ச்மேன்.

"முதலாளி கேட்டா இருக்கேன்னு சொல்லுங்கய்யா!"

"பார்சலையும் முதலாளியையும் தவிர. சரிங்க சார்."

டெஸ்டிங் மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஒவ்வொருத்தரா சேத்துக்கிட்டே போறதுக்கு, பேசாம முதல்ல சொன்னதை வேண்டாம்னு சொல்லிடலாமே சார்."

"அந்த எஞ்சினியர் வந்து நின்னுட்டா? இன்னும் பத்து நிமிஷம்தானே மேடம். அப்புறம் நானே சொல்லிடறேன்."

போர்டு வந்து மாட்டியபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. இவர் சாப்பிடவில்லை. வீட்டில் பெட்டி கட்டி முடித்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. பேசலாம் என்றால் போன் கையில் இல்லை. லேப் வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. போனை அதில் போட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே வரலாம். எழுந்து போய் எடுத்துப் பேச ஒரு நிமிஷம் போதும். பேசினால் மனைவி 'கிளம்பிட்டீங்களா?' என்று கேட்பாள். அதற்குப் பதில் இல்லாததால் அவர் எழுந்திருக்கவில்லை.

"மேடம், நாலு மணியானா சொல்லுங்க. நான் கிளம்பணும். பொண்ணு ஊருக்குப் போறா."

"இன்னிக்கா சார்? போங்களேன், நான் பாத்துக்கறேன்."

"இதை விட்டுட்டுப் போனா நாளைக்கு உங்க தலைதான் உருளும். பத்து நிமிஷம்."

இனி குறுக்கு வழி வேண்டாம் என்று நிரல் முழுவதையும் காகிதத்தில் அச்செடுத்துத் தரையில் பரப்பினார். முழங்காலிட்டுக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு இஃபிலிருந்தும் அதன் எண்டிஃபுக்குக் கோடு இழுத்தார். இதைக் காலையிலேயே செய்திருந்தால் காலையிலேயே வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் அதை நினைக்காமல் இல்லை. நினைக்க நினைக்க அவசரம் கூடி, இரண்டு கோடுகள் ஒன்றோடொன்று சிக்கி, ஒரு பக்கத்தை முதலிலிருந்து போட வேண்டி வந்தது.

மூன்று மணிக்கு முதலாளி பேசினார். பத்து நிமிஷம் என்றார் இவர்.

"நாலாச்சு சார்" என்றார் மேடம்.

"பத்து நிமிஷம்."

"ஸ்டேஷன் பக்கத்துலயா இருக்கு? அரை மணி ஆகும் சார்."

"இதோ, இந்த ஒரு பக்கம்."

அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. 'இது ஆஸ்பத்திரி லிப்டாக இருந்தால்' என்று ஓர் இஃப். கீழே, கதவு காத்திருப்பதற்கான நாலைந்து வரிகள். அதோடு சரி. எண்டிஃப் இல்லை. பென்சில் கோடு அங்கிருந்து கிளம்பி, போய்ச் சேர இடமில்லாமல் நின்றது. அவர் தேடிய நிறுத்து அதற்குக் கீழேதான் இருந்தது. முடிக்காத அந்த இஃப் அதையும் சேர்த்து விழுங்கியிருந்தது. அடியில் ஒட்டிய எண்டிஃப், இந்த விழுங்கலுக்கு நல்லபடியாகக் கதவைச் சாத்திக் கொடுத்திருந்தது.

இந்த வரிகளை எங்கே எழுதினோம் என்று அவருக்கு நினைவு வந்தது. காலையில், சாப்பாட்டு மேஜையில். கடைசி வரியைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டுவதை நிறுத்திவிட்டுத்தான் அவளிடம் அந்தச் சத்தியத்தைச் செய்தார். பிறகு அவள் சிரித்ததைப் பார்த்துக்கொண்டே லேப்டாப்பை மூடிவிட்டார்.

இருக்கிற ஒரு மகளோடு இருந்த ஒரு காலை நேரம், அதிலும் பாதியை இந்தக் கதவுக்குக் கொடுத்திருக்கிறோம் என்று வேதனையாக இருந்தது. கொடுத்ததையாவது முழுதாகக் கொடுத்தோமா என்றால் அதுவும் இல்லை.

"சார், எழுந்திருங்க" என்றார் மேடம் மெதுவாக. "அதைப் போட்டுட்டுக் கிளம்புங்க."

எண்டிஃபை அதற்குரிய இடத்தில் போட்டார். அடியில் ஒட்டியதை எடுத்தார். வெறும் கூடாக எழுதிய நிறுத்தை அழித்தார். கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. மேடம் ஸ்விட்சைப் போட்டார். கதவு திறந்தது, நின்றது, மூடியது. ஆஸ்பத்திரி லிப்டுக்கு மாற்றிப் போட்டார். கதவு திறந்தது, படுக்கை வரட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தது, பிறகு மூடியது.

பத்துநிமிஷக்காரர் அதை நின்று பார்க்கவில்லை. படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

வாசலில் வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்தார். "சார், ஒரு விஷயம் சார்..."

"வந்து கேக்கறேன்!"

"இல்ல சார், நீங்க சொன்னபடி..."

"வந்து கேக்கறேன்யா!"

ஆட்டோ கிடைத்தது. சிக்னல் ஒவ்வொன்றும் இவருக்காகவே சிவப்பாக இருந்தது. "கொஞ்சம் வேகமா போங்கப்பா" என்றதற்கு, "முன்னாடி நிக்கிற பஸ் மேல ஏத்திடட்டுமா சார்?" என்று கேட்டார் ஆட்டோக்காரர். ஸ்டேஷனுக்கு முந்தைய சந்திப்பில் இறங்கி மிச்ச தூரத்தை ஓடியே கடந்தார். பிளாட்பாரத்தை அவர் மிதித்தபோது ரயிலின் கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் முதுகிலிருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தார். வேறெதையும் பார்க்கக் கிடைக்கவில்லை.

மனைவி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு காகிதக் கோப்பைகள். ஒன்று காலி. இன்னொன்றில் காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

அவர் எதிரே போய் நின்றார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை போலிருந்தது.

"உக்காருங்க" என்றாள். "மூச்சு வாங்குது பாருங்க."

உட்கார்ந்தார்.

"அந்தக் காப்பி உங்களுக்குத்தான். அவ வாங்கி வெச்சா."

"எனக்கா?"

"நீங்க வந்துட்டீங்களாம். நான் பெட்டிகளோட நேரா இங்க வந்துட்டேன். அவ ஏதோ வேலையிருக்குன்னு தனியா ஆட்டோல கிளம்பினா. இங்க வந்து எறங்கறப்பவே ஒரே சிரிப்பு. 'அப்பா எங்கேம்மா?'ங்கறா. நான் எங்கேடி கண்டேன்னேன். 'வந்துட்டாரும்மா, எனக்குத் தெரியும். எங்கேயோ ஒளிஞ்சு நின்னு வெளையாடறார்'னு சொல்லிட்டுத் தேடக் கிளம்பினவதான். அதுக்கப்புறம் நின்னு ஒரு வார்த்தை பேசலை."

அவர் காப்பிக் கோப்பையைக் கையில் எடுத்தார். சில்லென்றிருந்தது.

"இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடினா. புத்தகக் கடை, விசாரணை ஜன்னல், அந்தப் பக்கத்து பிளாட்பாரம், ஒரு எடம் விடலை. எத்தனை தடவை போன் பண்ணியும் நீங்க எடுக்கலை. மைக்குல உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட வெச்சா. முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டாங்க. எனக்கே யாரோ மாதிரி இருந்துச்சு." மனைவி மூக்கை உறிஞ்சினாள். "வண்டி நகர ஆரம்பிச்ச பிறகுதான் ஓடி ஏறினா. ஏறியும் உள்ள போகலை. கதவுகிட்டயே நின்னு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே போனா. என்னைப் பாத்து ஒழுங்கா கையைக்கூட ஆட்டலை."

அவர் ரயில் போன வளைவைப் பார்த்தார்.

"எனக்குப் புரியவே இல்லைங்க. நீங்க வரமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். நான் எதிர்பாக்கவும் இல்லை, ஏமாறவும் இல்லை. அவளுக்கும் நேத்து வரைக்கும் தெரியும். இன்னிக்கு மட்டும் எங்கேர்ந்து அப்படி ஒரு நம்பிக்கை?"

"காலைல சொன்னேன்" என்றார் அவர். "நீ வர்றதுக்கு முன்னாடியே வந்து நிப்பேன்னு. அதை நம்பிட்டா போல."

"நீங்க சொல்லியா?" என்றாள் மனைவி. கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். அது இன்னும் உறைத்தது.

"கூப்பிட்டுப் பேசவா?"

"இப்ப வேண்டாம். அழுதுக்கிட்டிருப்பா. ஆறட்டும், அவளே கூப்பிடுவா. உங்க போனுக்குத்தான் கூப்பிடுவா. எங்கே அது?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது லேப் வாசல் மரப்பெட்டியில் இருந்தது.

"போய் எடுத்துட்டு வாங்க. முதல் ரிங்லயே எடுக்கணும். அதையாவது செய்யுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி எழுந்தாள். வீட்டுக்குப் போகிற பஸ் ஸ்டேஷனுக்கு வெளியே எதிர்ப்பக்கம் நின்றது. அவள் காலிக் கோப்பையைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். இவர் தம்முடையதைக் குடித்தார். ஆறிப்போன காப்பியை அவர் ஜென்மத்தில் தொட்டதில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

ஆபீஸுக்குத் திரும்பி வரும்போது வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் அவர் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தார். மன்னிச்சிடும்மா என்று ஆரம்பிப்பதா, சாப்பிட்டியாம்மா என்று ஆரம்பிப்பதா? எதில் ஆரம்பித்தாலும் நடுவில் 'பத்து நிமிஷம்' என்று ஒரு வார்த்தை வந்து குறுக்கே உட்கார்ந்தது. அதை எடுத்துவிட்டுச் சொல்ல அவரிடம் கதை எதுவும் இல்லை. இனிமேல் அந்த வார்த்தையை வாயால் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். இந்த முடிவையும் யாரும் நம்பப் போவதில்லை என்று நினைத்தபோது கொஞ்சம் சிரிப்புகூட வந்தது.

ஒன்று மட்டும் அவருக்கு உள்ளூர ஆறுதலாக இருந்தது. இத்தனை தடவை ஏமாற்றியும், கடைசியில் அவள் இவர் வார்த்தையை நம்பியிருக்கிறாள். அப்பா சொன்னால் செய்வார் என்று பிளாட்பாரம் முழுக்கத் தேடியிருக்கிறாள். ஏமாற்றியது தப்புதான். ஆனாலும் நம்பினாளே.

வாட்ச்மேன் அவரைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். இப்போதுதான் அவருக்குச் சொல்ல நேரம் கிடைத்தது. முகமெல்லாம் பெருமை.

"சார், நீங்க சொன்னபடி ஒரு ஆளை உள்ள விடலை சார். அந்த ஆஸ்பத்திரிக்காரர் ரெண்டு தடவை வந்தார். இல்லைன்னுட்டேன். இன்சூரன்ஸ்காரர் வந்தார். இல்லைன்னுட்டேன். பார்சல், முதலாளி, இந்த ரெண்டு பேருக்கு மட்டும்தான் நீங்க இருந்தீங்க."

"சரிய்யா. நல்லது."

"இனிமே நீங்க இருக்கீங்கன்னு சொல்லலாமா சார்? நீங்க திரும்பச் சொல்லவே இல்லையே."

படியில் வைத்த கால் நின்றது.

"அதான் சார் போகும்போது கேக்க வந்தேன். நீங்க நிக்கலை" என்றார் வாட்ச்மேன். "மத்தவங்கல்லாம் இல்லைன்னதும் மொணமொணத்துக்கிட்டுப் போனாங்க. நாலு மணிக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சு பாருங்க, உங்களைப் பாத்துச் சொல்லிட்டுப் போகணும்னு. சார் இல்லையேம்மான்னு நான் சொன்னதும் அது முகத்துல வந்த சந்தோஷத்தை நீங்க பாத்திருக்கணும் சார், 'அப்ப எங்கப்பா நெஜமாவே முன்னாடியே போய் ஸ்டேஷன்ல நிக்கிறாரா!'ன்னு கத்திக்கிட்டே ஆட்டோவுக்கு ஓடுச்சு!"